பதினேழு சென்டிமீட்டர்

மடியில் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் நெல். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் வலங்கைமானிலிருந்து பாபநாசம் வழியாகத் தஞ்சாவூர் போகிற பஸ்ஸில், இடது பக்கம் இரண்டு பேர் சீட்டில், பூவிழி இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். ஜன்னலோரம் அவள் கணவன் நெடுமாறன். அவனுடைய இடது கை கம்பியில் இடித்துவிடாமல் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்திருப்பாள். பெட்டியை வலது தொடைக்கு நகர்த்துவாள், நிமிர்த்துவாள், படுக்கப்போடுவாள். பிறகு செல்போனை எடுத்து ஏதோ குறித்துக்கொள்வாள்.

“பெட்டில என்னம்மா?” என்று கண்டக்டர் கேட்டார் ஒருநாள்.

“கம்ப்யூட்டருண்ணே.”

“கம்ப்யூட்டருன்னா லக்கேஜ் போடணுமே.”

“உள்ள நெல்லுதான் இருக்கு.”

“நெல்லுன்னாலும் லக்கேஜ்தான்.”

“கம்ப்யூட்டருக்குப் போடுறீங்களா, நெல்லுக்குப் போடுறீங்களா? முடிவு பண்ணிட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிப்போவல.”

அவர் முடிவு பண்ணுவதற்குள் பாபநாசம் வந்துவிட்டது. ஏறுகிற கூட்டத்தில் பெட்டி மறந்துபோனது. அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை.

பூவிழிக்கு முப்பத்தைந்து வயது. கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலக் கம்ப்யூட்டரில் காட்டுவது தொழில். சென்னையில் ஒரு நிறுவனம் வேலை அனுப்பும். ஓமனிலும் துபாயிலும் மனை விற்கிறவர்களுக்கான வீடுகள் அவை. கூடத்தில் வெயில் எத்தனை மணிக்கு எங்கே விழும், சோபாவின் நிழல் எவ்வளவு நீளும் என்பதெல்லாம் அவள் கையில். ஒருமுறை மதில் மேல் ஒரு காக்கையை உட்கார வைத்து அனுப்பினாள். எடுக்கச் சொல்லிவிட்டார்கள். “ஏன் சார், அங்க சோறு திங்கறவங்களே இல்லியா?” என்று கேட்டு அதற்கும் ஒரு திட்டு வாங்கினாள். அவள் குடியிருக்கிற வீட்டுக்கு இன்னும் வெளிப்பூச்சு இல்லை. பிள்ளை இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு ஊரே ஓய்ந்துவிட்டது, அவள் வாய்க்குப் பயந்து.

நெடுமாறன் அறுப்பு மிஷின் ஓட்டியவன். குறுவையும் சம்பாவும் நன்னிலம் பக்கம் தொடங்கி ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பான். முப்பத்தெட்டு வயதில் கால் வீங்கியது. மிஷினில் உட்கார்ந்தே இருப்பதால் என்று எண்ணெய் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். கோளாறு காலில் இல்லை, சிறுநீரகத்தில் என்று தெரிந்தபோது இரண்டும் போயிருந்தன. அம்மா செவ்வந்திக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் சிறுநீரகம் ஆகாது என்றார்கள். பூவிழியின் ரத்தம் ஒத்துப்போகவில்லை. போன மாசியில் இதயமும் தளர்ந்துவிட்டது, இனி மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். “எவ்வளவு நாளைக்கு சார்?” என்று நேராகவே கேட்டாள் பூவிழி. “தேதி போட்டுச் சொல்ல முடியாதும்மா” என்றார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. வெளியே வந்து அவனிடம் “ஒழுங்கா உப்பைக் கொறைக்கச் சொல்றாரு” என்றாள்.

வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், தஞ்சாவூரில் டயாலிசிஸ். காலையில் எழுந்ததும் அவன் இடது கையை எடுத்து மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரல் வைத்துப் பார்ப்பாள். ஊசி போடுவதற்காக அங்கே நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தோலுக்குள் ஒரு வண்டு சுற்றுகிற மாதிரி கிர்ரென்று அதிரும். அதிர்ந்தால் சரியாக ஓடுகிறது என்று பொருள். “ம், மோட்டார் ஓடுது” என்று கையைப் போட்டுவிட்டு டீ வைக்கப் போவாள்.

இந்த மூன்று நாளும் அவள் வேலை நின்றுபோகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் பெரிய டவர், முழங்கால் உயரம். ஊரில் அதை சிபியு என்பார்கள், கடையில் கேபினட். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. லேப்டாப் வாங்கிப் பார்த்தாள். ஒரு வீட்டைப் போட்டால் தோசைக்கல்லாகக் காய்ந்து, மூன்றே மாதத்தில் விசிறி கத்திக் கத்திச் செத்தது. நிறுவனத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ரெண்டு வீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம், தீபாவளிக்குள்ள ஒரு வழி பண்ணுங்க, இல்லன்னா எங்களுக்குக் கஷ்டம். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

மருத்துவமனைக்கு எதிரே ஃபாஜிலின் கம்ப்யூட்டர் கடை. மாடியில் ஒரு மேசை சும்மா கிடக்கிறது, மானிட்டரும் தருகிறேன், பெட்டியை மட்டும் கொண்டுவாங்க அக்கா என்றான் அவன். ஆக, டவருக்குள் இருக்கிற அதே பெரிய கிராபிக்ஸ் கார்டு, அதே சக்தி, ஆனால் மடியில் வைத்துக்கொள்கிற அளவில் ஒரு கேபினட் வேண்டும். இந்தக் கேபினட் தேடல்தான் ஆடியில் தொடங்கி அவளைப் பிடித்துக்கொண்டது.

சின்ன கேபினட்டுகளை உலகம் முழுவதும் லிட்டரில்தான் பேசுகிறார்கள். ஏழு லிட்டர், பதினோரு லிட்டர், இருபது லிட்டர். செவ்வந்தி இதைக் கேட்டுவிட்டு, “லிட்டருன்னா? என்னத்தடி ஊத்தப் போற அதுல?” என்றாள். அந்தக் கேள்விதான் பூவிழிக்கு வழியைக் காட்டியது. இணையத்தில் போட்டிருக்கிற நீளம் அகலம் உயரத்துக்கு அட்டையை வெட்டிப் பெட்டி செய்தாள். லிட்டர் படியால் நெல்லை அள்ளிக் கொட்டினாள். களத்தில் அளக்கிற வழக்கப்படியே முதல் படிக்கு ‘ஒண்ணு’ சொல்லாமல் ‘லாபம்’ சொன்னாள். பதினொன்றாவது படி தலை தட்டி நின்றது. தூக்கித் தராசில் வைத்தால் ஆறேகால் கிலோ. சாமான் எல்லாம் மாட்டிய பதினோரு லிட்டர் கேபினட்டும் கிட்டத்தட்ட அதே எடைதான். அதனால்தான் மடியில் நெல். வாங்கிவிட்டு அழுவதைவிட வாங்குவதற்கு முன்னால் தூக்கிப் பார்ப்பது என்பது அவள் கணக்கு. கத்திரிக்காய் வாங்கினாலும் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறவள்.

இருபது லிட்டர், பதினாலு, பதினொன்று, ஏழு என்று நாலு பெட்டி செய்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாரம் பஸ் பயணம். பதினாலு லிட்டர் பெட்டி அய்யம்பேட்டைக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் அடி விட்டுக்கொண்டது. நெல் சரசரவென்று பஸ் முழுவதும் ஓடியது. யாரும் கத்தவில்லை. முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் அத்தனை பேரும் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். செருப்புக் காலால் நெல்லை மிதிக்க அந்த பஸ்ஸில் ஆள் இல்லை. கண்டக்டரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். “அள்ளிக்கம்மா சீக்கிரம், எவ்வளவு நேரம் கொக்கு மாதிரி நிக்கிறது?” என்றார். பக்கத்து சீட்டுப் பெண்கள் இறங்கிக் கையால் கூட்டி அள்ளினார்கள். முதல் கை நெல் துண்டில் விழுந்தபோது நெடுமாறன் கண்ணைத் திறக்காமல் “லாபம்” என்றான். அந்த வாரத்தில் பூவிழி சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

வீட்டுக்கு வந்ததும் செவ்வந்தி கேட்டாள். “எந்த மூட்டையில அள்ளுன?”

“சொவத்தோரம் இருந்ததுல.”

“அடிப்பாவி, அது வெதநெல்லுடி! பஸ்ஸுல கொண்டுபோயி வெதச்சிட்டு வந்திருக்கா பாரு.”

குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கருக்கு வைத்திருந்த விதை. நாற்றங்காலில் ஒரு மூலை சொட்டையாக நின்றது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் செவ்வந்தி அதைக் காட்டினாள். “அந்தா தெரியுதுல்ல, அதான் எம் மருமவ கம்ப்யூட்டரு.”

ஏழு லிட்டர் பெட்டி கைக்கு அடக்கம். ஆனால் கிராபிக்ஸ் கார்டு அரைச் சாண் வெளியே நீட்டிக்கொண்டது. ஃபாஜிலுக்குச் சின்ன பெட்டி எதிலும் நம்பிக்கை இல்லை. “அக்கா, உள்ள காத்து போவ எடம் வேணும். இல்லன்னா குக்கர் மாதிரி ஆயிடும்.”

“குக்கருக்கு விசில் இருக்குல்ல? அந்த மாதிரி மேல ஒரு விசிறி போடுங்க.”

“பக்கமெல்லாம் ஓட்டையா வருது. உங்க ஊரு அறுப்புத் தூசி முழுக்க உள்ள போவும்.”

“பழைய நைலக்ஸ் சேலை எதுக்கு இருக்கு? கிழிச்சு ஒட்டிக்கறேன். மாசம் ஒருக்கா அலசிப் போட்டா போச்சு.”

அவனால் அவளிடம் பேசி ஜெயிக்க முடிந்ததில்லை. அவன் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் அவள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. காற்று நன்றாகப் போகிற, கார்டும் தாராளமாக நுழைகிற பதினாலு லிட்டர் பெட்டியை ஏன் வேண்டாம் என்கிறாள்? அதன் அகலம் இருபது. அவளுடைய செல்போன் குறிப்பில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருந்தது. அகலம் பதினேழுக்கு மேல் கூடாது.

அந்தப் பதினேழு வந்த கதை இது. டயாலிசிஸ் முடிந்து வருகிற நெடுமாறன் பிழிந்துபோட்ட துணி. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் தோளில் சாய்வான். கொஞ்ச நேரத்தில் தலை நழுவி மடிக்கு வந்துவிடும். இருபது லிட்டர் பெட்டியோடு போன முதல் நாள், “காதுல இடிக்குது புள்ள” என்றான். பெட்டியை நகர்த்தினாள். நகர்த்த இடம் இல்லை. தரையில் வைத்தாள். நெல் என்பதால் வைத்தாள். நிஜமான பெட்டியை ஆள் மிதிக்கிற, மழை வந்தால் தண்ணீர் ஓடுகிற தரையில் வைக்க முடியாது. அவன் தூங்கிய பிறகு, இன்ச் டேப்பைப் பையிலிருந்து எடுத்து, அவன் தலைக்குப் பிறகு தன் மடியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தாள். பதினேழு சென்டிமீட்டர்.

“அது என்ன கணக்கு, பதினேழு?” என்று நெடுமாறன் ஒருநாள் கேட்டான்.

“போர்டோட அளவு அது. பதினேழுக்குப் பதினேழு” என்றாள். பொய்யில்லை. வாங்கி வைத்திருந்த சின்ன மதர்போர்டு அந்த அளவுதான். அவன் தலையாட்டினான்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், அவன் ஃபாஜிலின் கடையில் உட்கார்ந்திருந்தான். பேச்சுவாக்கில் இதைச் சொன்னான். ஃபாஜில் திறந்து கிடந்த ஒரு பெட்டியைக் காட்டிச் சிரித்தான். “யாருண்ணே சொன்னா? போர்டு உள்ள நிமிந்துல்ல நிக்குது. அதுக்கும் அகலத்துக்கும் சம்பந்தமே இல்ல. அக்கா சும்மா ஏதோ சொல்லிருக்காங்க.”

நெடுமாறன் அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு ஃபாஜில் அவனிடம் டீ வேண்டுமா என்று கேட்டதற்கு, “பெருசுல நல்லது எது?” என்று கேட்டானாம்.

அன்று திரும்பும்போது அவன் அவள் பக்கம் சாயவில்லை. ஜன்னல் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்தே வந்தான். பாபநாசம் தாண்டியதும் பூவிழி அவன் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“தூக்கம் வரல புள்ள” என்றான். கண் மூடித்தான் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அவன் தலை கம்பியில் போய் இடித்தது.

“நல்லா முட்டிக்குங்க. எனக்கென்ன வந்துச்சு” என்றாள். அப்புறம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு வலங்கைமான் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சனிக்கிழமையும் அவன் அப்படியே வந்தான். அடுத்த செவ்வாயும்.

அகலம் பதினேழுக்குள் அடங்குகிற பதினோரு லிட்டர் பெட்டிதான் என்று பூவிழி முடிவு பண்ணி, சென்னையிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருந்தாள். அடுத்த வியாழன் காலை, மருத்துவமனைக்குள் போவதற்கு முன்னால் இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். கண்ணாடி மேசையின் மேல் ஒன்றுக்கு இரண்டு கேபினட் நின்றது. ஒன்று அவள் சொன்னது. கறுப்பு, ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவு. இன்னொன்று வெள்ளை. பக்கம் முழுவதும் கண்ணாடி, மூன்று விசிறி, வீட்டில் இருக்கிற டவரைவிடப் பெரியது.

“இது யாருது?” என்றாள்.

ஃபாஜில் நெடுமாறனைப் பார்த்தான். நெடுமாறன் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். “நாந்தான் வரச் சொன்னேன்.”

“எதுக்கு? அதுல ஒங்கள வச்சுத் தூக்கிட்டுப் போறதுக்கா?”

“சின்னதுல இப்ப இருக்கற கார்டுதான் போவுமாம். அடுத்தது எல்லாம் இன்னும் பெருசா வருதாம், அது நொழையாதாம். மூணு வருசம் வரைக்கும்தான் இது தாங்கும். ஃபாஜில்ட்ட கேட்டுட்டேன்.”

“மூணு வருசம் கழிச்சு வர்றத மூணு வருசம் கழிச்சுப் பாத்துக்கலாம். இப்ப பஸ்ஸுல எப்புடிக் கொண்டுபோவறது? அதச் சொல்லுங்க.”

“இன்னும் கொஞ்ச நாளைக்கு எப்புடியாவது ஓட்டிக்க.”

“என்ன கொஞ்ச நாளைக்கு?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. வெள்ளைப் பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துத் தடவினான். ஊசித் தழும்புகள் ஏறி முடிச்சு முடிச்சாக வீங்கிய கை.

“மூணு வருசம் கழிச்சு நீ எங்க புள்ள தூக்கிட்டுப் போவப்போற? செவ்வா, வியாழன்லாம் ஒனக்கு இருக்காது. வீட்லயே ஒரு எடத்துல ஒக்காந்துதான வேலை பாப்ப? அப்ப ஒனக்கு இதுதான் ஒதவும். எனக்குப் பாத்து எதையாவது வாங்கிட்டு, அப்பறம் நீ தனியா கெடந்து அல்லாடக் கூடாது.”

ஃபாஜில் கையில் இருந்த திருப்புளியை மேசையில் வைத்தான், திரும்ப எடுத்தான். ஏதாவது பேசியாக வேண்டும் என்று பேசினான்.

“ரெண்டும் இருக்கட்டும் அக்கா. நிதானமா வச்சுப் பாருங்க. வேணாங்கறத ஒரு வாரத்துக்குள்ள திருப்பி அனுப்பிடலாம். மேல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் தாள மட்டும் உரிச்சிராதீங்க. உரிச்சுட்டா எடுத்துக்க மாட்டாங்க.”

எதிரே மருத்துவமனையில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்டது. நெடுமாறனுடையது இல்லை, அதற்கு முந்தியது.

“என்ன புள்ள, எதாவது சொல்லு” என்றான் நெடுமாறன்.

அவள் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கட்டைவிரல் நகத்தைத் தாளின் ஓரத்தில் கொடுத்து, ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை உரித்தாள். பிறகு பெட்டியைத் திருப்பி, மறுபக்கத் தாளையும் உரித்தாள்.